பூச்சுக்கு அடியில் முப்பது லிட்டர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கடையில் சாய்த்து வைத்திருந்த பழைய அலைச்சறுக்குப் பலகையின் வயிற்றிலிருந்து கிடைத்தது. கண்ணாடிபோலப் பளபளத்த ரெசின் பூச்சுக்கு அடியில், நடுவே ஓடும் மரச்சட்டத்தை ஒட்டி, பென்சிலால் எழுதியிருந்தது: 30 லிட்டர். அது பலகையின் கன அளவு. அது கூடக் கூடப் பலகை நன்றாக மிதக்கும்.

"அதை நம்பாதீங்கம்மா" என்றார் கடைக்காரர். "ஆர்டர் குடுக்க வர்றவங்க எடையைக் குறைச்சுத்தான் சொல்லுவாங்க. செய்யறவங்க ஆளைப் பார்த்துப் பெருசா செஞ்சுடுவாங்க. ஆனா கேட்ட நம்பரைத்தான் எழுதிக் குடுப்பாங்க."

"வாங்கறவங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுக்க ஆசைப்பட்டாத்தானே?"

சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

தொடக்கம் இப்படி இருக்கலாம்:

அன்று கடல் சாம்பல் நிறத்தில்— (வேண்டாம். கடலை வர்ணித்தே பக்கத்தை நிரப்ப ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.)

நுரைக்கட்டியை இழைத்துக்கொண்டிருந்தவளின் மனதில் ஏதோ— (மனதில் ஒன்றுமில்லை. மூக்கில்தான் தூசி.)

பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கு ஆட்கள் முகமாக வருவதில்லை, வாக்குவாதமாகத்தான் வருவார்கள்.

"எத்தனை கிலோ, அத்தான்?"

"எழுபத்திரெண்டு."

பட்டறையில் பலகை செய்யும் தங்கை, தன் அக்காவின் கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். எழுபத்திரண்டு கிலோ அவர் தொப்பையைத் தாண்டுவதற்குள்ளேயே தீர்ந்துபோயிருக்கும்.

"முப்பது லிட்டர் போதும்மா. போட்டியில ஓட்டறாங்களே, அந்த மாதிரி மெலிசா, கூரா."

"இங்க வர்றது சோம்பேறி அலை, அத்தான். இடுப்பு உயரம்கூட வராது. அதுக்கு அகலமா, தட்டையா இருந்தாத்தான் நகரும். தெர்மாகோல் நுரை, மேல எபாக்சி ரெசின். லேசா இருக்கும், நல்லா மிதக்கும்."*

"தெர்மாகோலா? டிவி பெட்டியில வருமே, அதுவா? பாலியூரித்தேன் நுரையில செய்ய மாட்டியா?"

"அது கனம். வேகமான பெரிய அலையில தடதடன்னு துள்ளாம நிக்கும். இங்க எதுக்கு?"

அவர் போனதும் அக்கா போன் செய்தாள்.

"தொண்ணூத்தி நாலுடி. அதுக்குத் தகுந்த மாதிரி செய். ஆனா எழுதறப்போ முப்பதுன்னே எழுதிடு. அவர் எடையைப் பத்தி நான் வாயைத் திறந்து பதினேழு வருஷம் ஆச்சு. அதனாலதான் வீடு அமைதியா இருக்கு."

தங்கை நாற்பத்தைந்து லிட்டரில் செய்தாள். முப்பது என்று எழுதினாள். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து ரெசினை ஊற்றினாள். ரெசின் காய்ந்துவிட்டால் ரப்பரால் அழிக்க முடியாது.

(* தெர்மாகோல் என்றதற்குப் பலகைக்காரர்கள் சண்டைக்கு வரலாம். அடர்த்தி கொஞ்சம் கூட. மற்றபடி அதே குடும்பம்தான். வரட்டும்.)

3

அத்தானை ரொம்பச் சுலபமாகக் கேலி செய்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. போனால் போகிறதென்று ஒரு நல்ல குணம் கொடுத்துப் பார்த்தேன்: நாய்களிடம் பிரியம். பிறகு அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். நாயிடமும் மனிதர் தன் முப்பது லிட்டரைப் பற்றித்தான் பேசினார்.

இரண்டு வருடம் அந்தப் பலகையில் நன்றாகவே சறுக்கினார். (அவ்வளவு மிதந்தால் பீரோகூடச் சறுக்கும்.) அதுதான் வினையாகப் போயிற்று.

"கொழுந்தியாளே, ஞாயித்துக்கிழமை கிளம்பறேன். பாறைத்திட்டு மேல உடையற அலை. ரெண்டு ஆள் உயரம்!"

"எந்தப் போர்டுல?"

"புதுசு. வெளியில வாங்கிட்டேன், தப்பா நினைக்காத. பாலியூரித்தேன், மூக்கு நல்லா வளைஞ்சு, வால் ஊசியா. அளவு மட்டும் உன்னோடது. முப்பது. மெஷின்ல வெட்டினது, இம்மி பிசகாது."

அவள் இழைப்புளியைக் கீழே வைத்தாள். அந்த அலைக்கு வளைவு சரி, ஊசிவால் சரி, கனமும் சரி. ஆனால் கையால் துழாவி அதை எட்டிப்பிடிக்க அவருக்கு ஐம்பது லிட்டராவது வேண்டும். முப்பதில் பாதி முங்கிக் கிடப்பார். அலை தூக்கிப் பாறைமேல் போட்டுவிடும். வாழ்க்கையில் முதல்முறையாக அத்தானிடம் ஓர் உண்மையான எண் வந்திருந்தது. அது அவரைக் கொல்லப் பார்த்தது.

4

முடிவுகள்:

அவர் சாகிறார். (எழுதிக் கிழித்துவிட்டேன். கர்வம் பிடித்தவனைக் கொன்று கைதட்டு வாங்குவது கேவலமான பிழைப்பு.)

அவள் உண்மையைச் சொல்ல, அவர் கண்கலங்கி நன்றி சொல்கிறார். (அப்படியொரு அத்தானை நீங்கள் பார்த்திருந்தால் எனக்கு முகவரி அனுப்புங்கள்.)

அவருக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரி— (இதைத்தானே எதிர்பார்த்தீர்கள்? கேட்டதை எழுதிக் கொடுக்கும் பட்டறை இதுவல்ல.)

5

சனிக்கிழமை காலை. அக்கா வீட்டுக் கூடத்தில் புதுப் பலகை உறைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"அத்தான், நான் செஞ்சது முப்பது இல்ல. நாப்பத்தஞ்சு."

"முப்பதுன்னு எழுதியிருக்கே?"

"பொய்யா எழுதினேன்."

அவர் சிரித்தார். "வேற கடையில வாங்கிட்டேன்னு வயித்தெரிச்சல்."

"எடை மெஷின்ல ஏறிப் பாருங்க."

"நான் என்ன மூட்டையா?" உறையின் ஜிப்பை இழுத்தார். "ரெண்டு வருஷமா முப்பதுல ஓட்டினவன் நான். சரி, நாப்பத்தஞ்சுன்னே வெச்சுக்குவோம். யாரைக் கேட்டு அப்படிச் செஞ்சே?"

தங்கையின் பார்வை சமையலறை வாசலுக்குப் போனது. அங்கே அக்கா ஈரக்கையோடு நின்றாள்.

அவரும் திரும்பினார். "உன் தங்கச்சி என்னமோ உளர்றா. நீயே சொல்லு. நான் எத்தனை கிலோ?"

அக்கா வாயைத் திறந்தாள்.

இதற்குமேல் நான் எழுதுவதாக இல்லை. ஒரு பெண்ணின் வாயில் ஓர் எண்ணைத் திணித்துவிட்டு நான் நல்லபேர் வாங்க, நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கப் போவீர்களாக்கும். அவள் நிற்கும் இடத்தில் போய் நில்லுங்கள். உங்கள் வீட்டு ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சத்தமாக, நீங்கள் சொல்லுங்கள்.

சீக்கிரம். ஜிப் மூட இன்னும் ஒரு சாண்தான் இருக்கிறது.