வியாழக்கிழமை வந்த அழைப்பு

பன்னிரண்டாயிரம் பேர் விண்ணப்பம் போடுவார்கள். அதில் பத்துப் பேரை விண்வெளி வீரர்களாக எடுப்பார்கள். அந்தப் பத்துப் பேரின் வாழ்க்கையை ஆளுக்கு ஒரு பக்கமாக எழுதித் தருவது என் வேலை. இருபத்தாறு வருடமாக ஹூஸ்டனில் இதே மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிறந்த ஊர், படிப்பு, பார்த்த வேலை, வாங்கிய பதக்கம், கடைசி வரியில் பொழுதுபோக்கு. எல்லோரும் மலை ஏறுகிறார்கள். எல்லோரும் வீட்டில் ரொட்டி சுடுகிறார்கள். இத்தனை வருடத்தில் ஒரே ஒருத்திதான் பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'தூக்கம்' என்று எழுதியிருந்தாள். அவளுடைய பக்கம் வெளியாகவில்லை.

இந்த வருடத்து ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நீர்மூழ்கிக் கப்பலில் அணு உலையைக் காவல் காத்த ஒருவர். அலாஸ்காவில் பனிப்பாறையில் துளை போட்டே பத்து வருடத்தைக் கழித்த ஒரு பெண். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து, முப்பது வயதுக்கு மேல் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒருவர். நியூ மெக்சிகோவிலிருந்து ஜொயெல் பச்சேகோ, அவசர சிகிச்சை டாக்டர். அண்டார்டிகாவில் ஒரு குளிர்காலம் முழுக்க நாற்பது பேருக்கு அவள் ஒருத்திதான் டாக்டர். அங்கே தன் கடைவாய்ப் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். அதைப் பக்கத்தில் போட வேண்டாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

அப்புறம் வேட் திபோடோ. லூசியானாவில் இறால் படகுக்காரர்களின் பிள்ளை. கடற்படையில் சோதனை விமானி.

இவர்கள் பெயரெல்லாம் எனக்கு முன்கூட்டியே வந்துவிடும். அவர்களுக்கே போன் போவதற்கு இரண்டு வாரம் முன்னால். யார் முதல் பட்டியலில் இருந்தார்கள், யார் இல்லை என்று உயிர் போனாலும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்த மே மாதம் பத்துப் பெயர் வந்தது, பத்துப் பக்கம் எழுதினேன். போன் போன திங்கட்கிழமைக்கு மறுநாள் மேலிடத்திலிருந்து ஆள் வந்தார். "வெர்னா, ஒரு பக்கத்தை எடுத்துடு. வேற பேர் வரும்" என்றார். எடுத்துவிடு என்று சொன்ன பக்கம் மாரிட் சோர்பியுடையது. தூக்கம் என்று எழுதியவள். மினசோட்டாவில் ஏரிக்கரை ஊர்க்காரி, விமானச் சோதனைப் பொறியாளர். அந்தப் பக்கத்தைக் கிழிக்க எனக்கு மனசு வரவில்லை. கீழ் இழுப்பறையில் போட்டு மூடினேன். மூன்று மாதமாக அந்த இழுப்பறையைத் திறக்கவும் இல்லை.

ஆகஸ்டில், பெயர்களை உலகத்துக்கு அறிவிப்பதற்கு முந்தின நாள் காலையில், வேட் தன் பக்கத்தைச் சரிபார்க்க வந்தார். வெயிலில் நடந்து வந்து சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் ஆப்ரிகாட் பழம் வைத்த கொலாச்சி ரொட்டியைத் தட்டோடு நகர்த்தினேன். செக் நாட்டு வம்சமான எங்கள் வீடுகளில் வந்தவருக்கு அதைக் கொடுக்காமல் பேச்சைத் தொடங்க மாட்டோம். அவர் தொடவில்லை. நின்றபடியே படித்தார், ஒரு வரியில் விரலை வைத்தார்.

"மேடம், இந்தப் பதக்கத்தை எடுத்துடுங்க."

"ஏன் கமாண்டர், கழுத்துல கனக்குதா?"

"ஆமா."

கிண்டல் செய்த நாக்கைக் கடித்துக்கொண்டேன். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார், ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"மே மாசம், திங்கக்கிழமை. நானும் மாரிட்டும் மேல பறந்துக்கிட்டிருந்தோம். முன்சீட்டுல நான், பின்சீட்டுல அவ. பெரிய கழுகு ஒண்ணு என் தலைக்கு மேல வழுக்கிக்கிட்டுப் போயி பின்னாடி கண்ணாடியை உடைச்சுது. மாரிட்னு கூப்பிட்டேன். பதில் இல்ல. மைக் போயிடுச்சு போலன்னு நெனச்சேன் மேடம். பதினோரு நிமிஷம் அவகிட்ட பேசிக்கிட்டே இறக்கினேன். இதோ ஓடுபாதை தெரியுது, பயப்படாத, இன்னிக்கு பீர் செலவு உன்னோடதுன்னு. இறங்கித் திரும்பிப் பார்த்தப்பதான்..." நிறுத்தினார். "விமானத்தைப் பத்திரமா கொண்டுவந்ததுக்குத்தான் அந்தப் பதக்கம்."

பதக்க வரியை நான் அப்போதே கோடு போட்டு அடித்தேன். அவர் எழுந்து போகவில்லை. சொல்ல வந்தது அது இல்லை என்று தெரிந்தது.

"பறக்கப் போறதுக்கு முன்னாடி போனை எல்லாம் ஒரு தட்டுல வச்சிட்டுப் போவோம். நான் திரும்பி அந்த ரூமுக்கு வந்தப்ப யாரும் இல்ல. எல்லாரும் ஓடுபாதையில. அவ போன் அடிச்சுது. அவ ஊர் ஏரியில 'லூன்'னு ஒரு பறவை, பொம்பள அழற மாதிரி கத்தும். அதைத்தான் ரிங்டோனா வச்சிருந்தா. எத்தனையோ தடவை திட்டியிருக்கேன், சனியனை மாத்துடின்னு. நிக்காம அடிச்சுது. எடுத்துட்டேன்."

"யாரு?"

"உங்க தலைவரு. 'மாரிட், ஹூஸ்டனுக்கு வர்றியா?'ன்னாரு. சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. செய்தி போயிருக்காது. நான் ஒரு வார்த்தை பேசலை. வச்சுட்டேன்."

எங்கள் இடத்து வழக்கம் விண்ணப்பம் போட்ட எல்லோருக்கும் தெரியும். விண்வெளி வீரர்களின் தலைவரே கூப்பிட்டால் நீ தேர்வாகிவிட்டாய். தேர்வுக் குழுவின் செயலாளர் கூப்பிட்டால், ஆறுதல் சொல்லக் கூப்பிடுகிறார். ஹலோ என்ற குரலிலேயே தலையெழுத்து தெரிந்துவிடும்.

"என் போனை விசாரணைக்காரங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. வியாழக்கிழமை திருப்பிக் குடுத்தாங்க. மாரிட்டோட சவப்பெட்டியை அவ ஊருக்கு விமானத்துல ஏத்திட்டு வந்து கார்ல உட்கார்ந்தேன். போனை ஆன் பண்ணினேன். அரை மணி நேரத்துல அதே குரல். ஹூஸ்டனுக்கு வர்றியான்னு." அவர் இப்போதுதான் என்னைப் பார்த்தார். "திங்கக்கிழமை அவளுக்கு. வியாழக்கிழமை எனக்கு. நடுவுல என்னையும் கூப்பிட்டுப் பார்த்திருக்கலாம், போன் அணைஞ்சு கெடந்திருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். பகல்ல நம்புறேன். படுத்தா அந்தப் பறவை கத்துது. தலைவர்கிட்ட கேட்டேன், அதெல்லாம் பேசக் கூடாதுன்னுட்டாரு. பக்கம் எழுதுறது நீங்க. உங்களுக்குத் தெரியும். முதல் பத்துல நான் இருந்தேனா? இல்ல அவ சீட்டுலதான் உட்கார்ந்திருக்கேனா?"

"நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் வேட்."

"தெரியும். அவ சீட்டுன்னா நான் நாளைக்கு மேடை ஏற மாட்டேன். ராத்திரியே லூசியானா போயிடுவேன். எங்க அண்ணன் படகுல ஆள் பத்தலை."

மிரட்டவில்லை. படகைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. எனக்கு அது பயமாக இருந்தது.

என் மேசையில் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது. நீலச் சீருடையில் நெஞ்சில் ஒட்டுகிற தோல் பேட்ஜ்கள், தங்க எழுத்தில் பெயர். அவற்றைச் சரிபார்க்கிற வேலையும் என் தலையில்தான். ஊரில் உள்ள கடைக்குப் பட்டியல் வந்த கையோடு ஆர்டர் கொடுத்துவிடுவோம். ஆர்டர் சீட்டு மூடியிலேயே ஒட்டியிருக்கும். சீட்டில் போன் போன திங்கட்கிழமைக்குப் பத்து நாள் முந்தின தேதி.

நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் கையெழுத்துப் போட்டேன். பெட்டியைத் திறக்க மாட்டேன் என்று போடவில்லை. அப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

"உன் பேட்ஜ் வந்திருக்கு. நீயே எடுத்துக்கோ," என்றேன். "முதல்ல அந்த மூடியில இருக்கிற தேதியைப் படி."

படித்தார். இரண்டு தடவை படித்தார். மூடியை எடுத்து, குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கியிருந்த பேட்ஜ்களை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிக்கொண்டே போனார். ஒன்பதாவதில் விரல் நின்றது. மாரிட் சோர்பி. அதற்கு அடுத்தது, கடைசியாக, வேட் திபோடோ.

அவர் அழுதார். சத்தம் இல்லாமல், தோள் மட்டும் குலுங்க. எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஒரு மனிதனின் நெஞ்சிலிருந்து கல்லை எடுத்துவிட்டேன் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கொலாச்சியைக் கையில் எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக் கடித்தார். "ரெண்டு பேருமே இருந்திருக்கோம். ரெண்டு பேரும் சேர்ந்தே வந்திருப்போம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆனால் அவர் சோதனை விமானி. பறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு திருகையும் எண்ணிப் பார்க்கிற ஜாதி. கடித்ததை மெல்லுவதை நிறுத்திவிட்டு மறுபடி பெட்டிக்குள் பார்த்தார். உதடு அசைந்தது. நாளைக்கு மேடை ஏறப்போகும் பத்துப் பேரையும் வரிசையாக எண்ணுகிறார் என்று எனக்குப் புரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புக் கவர். உள்ளே ஒரே ஒரு பேட்ஜ், பெட்டியோடு வராமல் போன வாரம் தனியாக வந்தது. மேலே என் கையெழுத்திலேயே 'பச்சேகோ' என்று எழுதியிருந்தது.

அதை அப்படி அங்கே வைத்துவிட்டு அவரிடம் பெட்டியை நீட்டியவள் நான்தான். இருபத்தாறு வருடம் வாயைக் கட்டிக்கொண்டிருந்த பெருமை எல்லாம் ஒரு நிமிடத்தில் போயிற்று. என் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"ஜொயெலா," என்றார் வேட். முகத்தில் கொஞ்ச நேரத்துக்கு முன் வந்த வெளிச்சம் போய்விட்டது. "அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எங்க எல்லாருக்கும் முட்டை பொரிச்சுப் போடுறவ மேடம் அவ. யாருக்காவது தலைவலின்னா அவதான் முதல்ல வந்து நிப்பா." கவரைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரிய வேண்டாம்."

தன் பேட்ஜை எடுத்துக்கொண்டார். மாரிட்டுடையதைக் கேட்பார் என்று நினைத்தேன். "அதை எங்கயாவது பூட்டி வைங்க, ஜொயெல் கண்ணுல பட்டுடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். கீழ் இழுப்பறையைத் திறந்து அந்தப் பக்கத்தின் மேல் பேட்ஜையும் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் பத்து மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. பத்துப் பேரும் நீலச் சீருடையில் அதே பெயர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சோர்பிக்கு இடம் இல்லாததால் பச்சேகோவுக்கு அடுத்த நாற்காலியே திபோடோ. தலைவர் ஓரத்தில் இருந்தார். நான் சுவரோரம் நின்றேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு பத்திரிகைக்காரி எழுந்தாள். எல்லா வருடமும் யாராவது கேட்கிற கேள்விதான்.

"அந்த போன் வந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க? ஒவ்வொருத்தரா சொல்லுங்களேன்."

நீர்மூழ்கிக்காரர் திங்கட்கிழமை பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்திருந்தாராம். வாத்தியார் திங்கட்கிழமை வகுப்பில் தேர்வு நடத்திக்கொண்டிருந்தாராம், பிள்ளைகள் அதற்குள் காப்பி அடித்துவிட்டார்களாம். அரங்கம் சிரித்தது. திங்கட்கிழமை, திங்கட்கிழமை என்று எட்டுப் பேர் சொன்னார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமைக்கும் ஜொயெலின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியதை நான் பார்த்தேன். மூன்று மாதமாக ஒன்றாக இருந்தும் இந்தக் கணக்கை யாரும் ஒன்றாக உட்கார்ந்து போட்டுப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

மைக் அவளிடம் வந்தது.

"எனக்கு... வியாழக்கிழமை," என்றாள். "மளிகைக் கடையில, கையில தர்பூசணி. கீழ போட்டுட்டேன்."

சிரித்தார்கள். பத்திரிகைக்காரி சிரித்துவிட்டு உட்காரவில்லை. "உங்களுக்கு மட்டும் ஏன் மூணு நாள் தாமதம்?"

ஜொயெல் தலைவரைப் பார்த்தாள். தலைவர் தண்ணீர்க் குவளையைப் பார்த்தார். அவள் டாக்டர், முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்கிறவள். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் அவளே கண்டுபிடித்திருப்பாள்.

"எனக்கும் வியாழக்கிழமைதான்," என்றார் வேட். மைக்கைக் கேட்காமலே அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். "எங்க ரெண்டு பேரையும் கடைசில கூப்பிட்டாங்க. சத்தம் போடுற பிள்ளைங்களைக் கடைசி பெஞ்சுல போடுவாங்கள்ல, அந்த மாதிரி."

அரங்கம் கலகலத்தது. ஜொயெல் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள். அவள் முகம் பழையபடி மலர்ந்துவிட்டது.

"பாவி, மூணு மாசமா சொல்லவே இல்லையே. நான் மட்டும்தானோன்னு நெனச்சேன்," என்றாள், மைக்கில் விழும்படி. "அப்ப நீ எங்க இருந்த, சொல்லு."

வேட் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"கார்ல. சிநேகிதி ஒருத்தியை ஊருக்கு வழியனுப்பிட்டு வந்திருந்தேன்."

"அடடா, அவகிட்டதான் முதல்ல சொன்னியா?"

"சொன்னேன்," என்றார் வேட். "அப்பவே சொல்லிட்டேன்."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்த வியாழக்கிழமையை இறக்கி வைக்கத்தான் அவர் என் மேசைக்கு வந்தார். இறக்கி வைக்க நான் வழியும் காட்டினேன். இனி ஜொயெல் இருக்கிற இடமெல்லாம், எந்த ஊரில் யார் கேட்டாலும், அவர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியாக வேண்டும்.