போர்வை போடாத ஐந்து நாள்

எங்கள் கட்டடத்தில் நான்கு வீடுகள். மொட்டை மாடியில் நான்கு வெந்நீர்த் தொட்டிகள், ஒவ்வொன்றின் கீழும் வெயிலைப் பார்த்துச் சாய்ந்த கண்ணாடிப் பலகைகள். எங்கள் கடற்கரை ஊரான லார்னகாவில் எந்த மாடியில் ஏறிப் பார்த்தாலும் இதுதான் காட்சி. ஆனால் எங்கள் மாடித் தொட்டிகளுக்கு மட்டும் வைத்தியர் பக்கத்திலேயே குடியிருந்தார். மேல்வீட்டு ஹம்பிஸ் முப்பது வருடமாகச் சூரிய வெந்நீர்த் தொட்டி மாட்டுகிறவன், பழுது பார்க்கிறவன். தண்ணீர் சரியாகச் சூடாகவில்லை என்று படிக்கட்டில் நின்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் ஏறிப் பார்த்துவிடுவான். உள்ளே சுண்ணாம்பு படிந்திருந்தால் தொட்டியை வடித்துக் கழுவுவான். துருவைத் தன் மேல் வாங்கிக்கொண்டு கரைவதற்கென்றே உள்ளே வைத்திருக்கும் உலோகக் கம்பி தேய்ந்திருந்தால் மாற்றுவான்.

அவன் மனைவி லூக்கியா என் சிநேகிதி. அவர்களுக்குக் குழந்தை இல்லை. லூக்கியாவின் தம்பி ஃபீவோஸ் அவர்களோடுதான் இருந்தான். நாற்பத்தாறு வயது. சின்ன வயதிலிருந்தே வலிப்பு. கடற்கரைச் சாலையில் லாட்டரிச் சீட்டு விற்பான். "மரூலாக்கா, நேத்து என்கிட்ட சீட்டு வாங்கினவன் இன்னைக்கு வரல. ஒண்ணு பணக்காரன் ஆயிட்டான், இல்ல என் மேல கோவம்" என்பான். மண் கலந்த மழை பெய்து தூசி படிந்தால் நான்கு வீட்டுக் கண்ணாடியையும் கழுவுகிறவன் அவன்தான். யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஹம்பிஸ் அவனை வேலைக்கு வைத்துக்கொள்ளாமல் இருந்ததற்குக் காரணம் ஏணி. மொட்டை மாடிக்குப் படிக்கட்டு இருக்கிறது, இடுப்பளவு சுவர் இருக்கிறது, அதனால் அங்கே மட்டும் அனுமதி.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் மாதா திருநாளுக்கு அவர்கள் மூவரும் மலைமேல் ஹம்பிஸின் ஊருக்குப் போவார்கள். கிளம்புவதற்கு முன் ஃபீவோஸ் பழைய கம்பளிப் போர்வை ஒன்றைக் கண்ணாடி மேல் விரித்துக் கயிறு போட்டுக் கட்டுவான். ஹம்பிஸ் தன் வாடிக்கைக்காரர்கள் எல்லோருக்கும் சொல்வது அதுதான்: வெளியூர் போனால் கண்ணாடியை மூடிவிட்டுப் போங்கள், ஆகஸ்ட் வெயிலில் ஐந்து நாள் குழாயைத் திறக்காமல் கிடந்தால் உள்ளே இருப்பது தண்ணீர் இல்லை, நெருப்பு.

அந்த வருடம் அவர்கள் கிளம்பிய காலையில் நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஃபீவோஸ் போர்வையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தான். கயிற்றின் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே படிக்கட்டு வாசலில் ஹம்பிஸின் தலை தெரிந்தது.

"டேய் மச்சான், மாடியிலயே குடித்தனம் பண்ணப் போறியா? உங்கக்கா வண்டியில உக்காந்து என் உசிர எடுக்கறா."

"ரெண்டே நிமிஷம் அத்தான். கட்டிட்டு வந்துடறேன்."

"விடுடா. அஞ்சு நாள்தானே, ஒண்ணும் ஆகாது."

"ஊருக்கெல்லாம் மூடு மூடுன்னு சொல்றவன் நீதானே?"

"ஊருக்குச் சொல்றது தொழில். வா, பத்து மணியாச்சுன்னா மலை ரோட்டுல வண்டி நகராது."

ஃபீவோஸ் போர்வையை மடித்துச் சுவர் ஓரமாக வைத்தான். என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "மரூலாக்கா, நீ சாட்சி. தொட்டி வெடிச்சா அத்தான்தான் பொறுப்பு."

மூவரும் சிரித்தோம். நானும்தான்.

அடுத்த ஐந்து நாளும் நான் மாடிக்குப் போனேன், துணி போட்டேன், எடுத்தேன். மடித்து வைத்த போர்வை அங்கேயே கிடந்தது. எடுத்து விரித்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

பதினெட்டாம் தேதி சாயங்காலம் திரும்பி வந்தார்கள். ஒரு கூடை அத்திப்பழத்தை என் வாசலில் வைத்துவிட்டு ஃபீவோஸ் குளிக்கப் போனான். ஹம்பிஸ் கீழே வண்டியிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தான். லூக்கியா சமையலறையில் பைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஃபீவோஸ் குளியலறைக் கதவைத் தாழ் போடக் கூடாது, முக்காலியில் உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். இரண்டையும் அவன் மீறவில்லை. ஆனால் எட்டு மாதமாக வராத வலிப்பு அன்று வந்தது. சரிந்தபோது தோள் பட்டுக் குழாயின் கைப்பிடி முழுக்க வெந்நீர்ப் பக்கம் திரும்பிவிட்டது.

எங்கள் சுவருக்குள் இறங்கும் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. ரொம்ப நேரமாக ஓடுகிறதே என்று நினைத்தேன். அப்புறம் லூக்கியாவின் அலறல். நான் மேலே ஓடினபோது குளியலறை முழுக்க ஆவி. அவள் வெறும் கையால் அவனை இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் கைகளிலும் கொப்புளம் வந்திருந்தது அடுத்த நாள்தான் அவளுக்கே தெரிந்தது.

தலைநகர் நிக்கோசியாவில் தீக்காயப் பிரிவில் பத்தொன்பது நாள் இருந்தான். நடுவில் சில நாள் நன்றாகப் பேசினான். பிறகு ரத்தத்தில் கிருமி ஏறி, செப்டம்பர் ஆறாம் தேதி விடிகாலையில் போய்விட்டான்.

ஹம்பிஸ் அடக்கத்துக்கு அடுத்த நாளே தன் வீட்டுக் குழாயில் கலப்பு வால்வு ஒன்றைப் பொருத்தினான். தொட்டியில் எவ்வளவு சூடாக இருந்தாலும் பச்சைத் தண்ணீரைச் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டில் மட்டும் வெளியே விடும் சின்னப் பித்தளைத் துண்டு. பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பொருத்தினவன்தான். அவனுடையது மட்டும் இரண்டு வருடமாக வண்டியில் கிடந்தது. லூக்கியா எத்தனை முறை கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நாற்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்களுக்குக் கோதுமையும் மாதுளையும் சர்க்கரையும் கலந்த பிரசாதத்தைக் காகிதப் பையில் அள்ளிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்:

"யாரைக் குத்தம் சொல்ல? என் வீட்டுல ரெண்டு ஆம்பளை, ரெண்டு பேரும் மறதிக்காரனுங்க. ஒருத்தன் வால்வை மறந்தான். இன்னொருத்தன் போர்வையை மறந்தான்."

நான் ஹம்பிஸைப் பார்த்தேன். அவன் பிரசாதப் பையின் வாயை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். அவளைத் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. ஆளுக்குப் பாதிக் குற்றம் என்ற அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த வீட்டில் அவனோடு சாப்பிடுகிறாள், தூங்குகிறாள் என்று எனக்குப் பட்டது. அதை நான் ஏன் கலைக்க வேண்டும்?

சனிக்கிழமைதோறும் அவளைக் கல்லறைக்கு என் வண்டியில் கூட்டிப் போவேன். அவள் சலவைக்கல்லைத் துடைப்பாள், விளக்குக்கு எண்ணெய் விடுவாள், சாம்பிராணி போடுவாள். நான் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். எல்லாம் முடிந்ததும் அவள் விளிம்பில் உட்கார்ந்து அவனோடு பேசுவாள். வாரத்துச் செய்தி எல்லாம் சொல்வாள். கடைசியில் எப்போதும் அங்கேதான் வந்து நிற்பாள்.

"எத்தனை வருசமா கட்டற போர்வைடா அது. அந்த ஒரு நாள் புத்தி எங்கடா போச்சு? எருமை. என்னைத் தனியா விட்டுட்டுப் போறதுக்குன்னே மறந்தியா?"

வாராவாரம் இது. பனிக்காலம் முழுக்க. நான் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே இருப்பேன்.

மார்ச்சில் பாலைவனத்துத் தூசி வந்து மூன்று நாள் வானம் மஞ்சளாக நின்றது. கண்ணாடிகளெல்லாம் மண். நான் மாடிக்குப் போனபோது ஹம்பிஸ் தனியாகக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் வீட்டுக் கண்ணாடியைக் கழுவிவிட்டு என்னுடையதுக்கு வந்திருந்தான்.

"இன்னும் எத்தனை நாள், ஹம்பிஸ்?" என்றேன்.

எதைக் கேட்கிறேன் என்று அவன் கேட்கவில்லை. துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டான்.

"உனக்கு முழுசும் தெரியாது, மரூலாக்கா. ஆஸ்பத்திரியில நாலாவது நாள் அவன் கண்ணு முழிச்சான். முதல்ல என்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? 'அத்தான், தண்ணி ரொம்ப சூடா இருக்குன்னு உன்கிட்ட புகார் பண்ணின முதல் ஆளு நான்தான்'னான். நான் வெளிய போய் அழுதுட்டு வந்தேன். திரும்பி வந்தப்போ லூக்கியா அவன் தலைமாட்டுல உக்காந்து கேக்கறா, 'போர்வையைப் போட மறந்துட்டியாடா?'ன்னு. அவன் என்னைப் பார்த்தான். என்னையே பார்த்துக்கிட்டு, 'ஆமாக்கா, மறந்துட்டேன்'னு சொன்னான்."

தொட்டியின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ அப்பவே சொல்லியிருக்கணும்."

"அவன் பொழச்சு வந்துருவான், அப்புறம் மூணு பேரும் சேர்ந்து உக்காந்து சிரிச்சுக்கலாம்னு நெனச்சேன். அவன் போனதுக்கப்புறம் வாய் வரல. ஒவ்வொரு நாள் தள்ளத் தள்ள இன்னும் வரல."

"அவ வாராவாரம் அங்க உக்காந்து அவனைத் திட்டறா. உனக்குத் தெரியுமா?"

தெரியாது. அவன் முகத்தில் பார்த்தேன், தெரிந்திருக்கவில்லை. லூக்கியா அவனைக் கல்லறைக்கு அழைத்துப் போனதில்லை. அவன் போவது வேறு நாளில், தனியாக.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"நானே சொல்றேன். ஞாயித்துக்கிழமை ஆறு மாசப் பூசை முடியட்டும்."

"பூசைக்கு முன்னாடி சொல்லு. இன்னொரு சனிக்கிழமை என்னால அங்க நிக்க முடியாது."

அன்று மதியமே சொல்லிவிட்டான். சண்டை கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். எதுவும் கேட்கவில்லை. நாற்காலி நகர்ந்த சத்தம் ஒரு முறை கேட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை லூக்கியா என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீ மாடியில இருந்தியாமே."

"இருந்தேன்."

"அவன் 'விடுடா'ன்னு சொன்னதைக் கேட்டியா?"

"கேட்டேன்."

"இருபத்தாறு சனிக்கிழமை, மரூலா. நான் செத்தவனைத் திட்டிக்கிட்டு இருந்தேன். நீ பக்கத்துல நின்னு பூவுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்த."

"உன் குடும்பம் ஒடைஞ்சுடக் கூடாதுன்னுதான் லூக்கியா..."

"அவனும் என் குடும்பம்தான்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. மேசையில் நான் ஊற்றி வைத்த காப்பியைப் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள். பூசை முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசலிலிருந்தே பரலிம்னி ஊரில் இருக்கும் தன் அக்காவின் வண்டியில் ஏறிப் போனாள். துணிமணிகளை அக்கா மகள் ஒரு நாள் வந்து எடுத்துப் போனாள்.

ஹம்பிஸ் வேலையை விடவில்லை. ஆனால் மெலிந்துபோனான். மாட்டிக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போன் போட்டு, வெந்நீர்க் குழாயில் வால்வு இருக்கிறதா என்று கேட்கிறான் என்று கடைத்தெருவில் சிலர் சிரித்தார்கள். ஞாயிறுதோறும் பரலிம்னிக்குப் போவான். லூக்கியா வெளி முற்றத்தில் நாற்காலி போட்டுக் காப்பி கொடுப்பாளாம். வீட்டுக்குள் வா என்று சொன்னதில்லையாம். "என்ன பேசுவீங்க?" என்று ஒரு முறை கேட்டேன். "ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டியான்னு கேப்பா. சாப்பிட்டேன்னு சொல்வேன்" என்றான்.

வருடப் பூசைக்கு அவள் வந்தாள். ஹம்பிஸுக்கு எதிர்ப்பக்கம் நின்றாள். எல்லோரும் கலைந்த பிறகு, கல்லறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். அவள் பேசுவது தெரிந்தது, என்ன என்று கேட்கவில்லை. ரொம்ப நேரம் பேசினாள். நடுவில் ஒரு தடவை குனிந்து சலவைக்கல்லில் நெற்றியை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

வெளியே வந்தபோது என்னைப் பார்த்து நின்றாள். ஒரு வருடத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது.

"பஸ் எத்தனை மணிக்கு?" என்றேன்.

"பன்னெண்டரைக்கு."

"வெயிலா இருக்கு. ஸ்டாப் வரைக்கும் கொண்டு விடட்டுமா?"

யோசித்தாள். வண்டிக் கதவைத் திறந்து ஏறினாள். பின்சீட்டில்.

நிறுத்தத்தில் இறங்கும்போது, "தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டேன்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தி, "நீ ஒண்ணும் சொல்லாத" என்றாள்.

பஸ் வந்தது. அவள் ஏறிப் போனாள்.