போர்டே போயிடுச்சு

அக்காவின் பழைய லேப்டாப்பில் வீடியோ அழைப்பு வந்தாலே படம் அப்படியே நின்றுவிடும். மறுநாள் காலை பத்து மணிக்கு அதில்தான் அவளுக்கு வேலைக்கான நேர்காணல். நாலு ஜிபி ரேமைக் கழற்றிவிட்டு எட்டு ஜிபி போட்டுத் தருவதாகத் தம்பி வாக்குக் கொடுத்திருந்தான். மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் ரிப்பேர் படிக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது அவனுக்கு.

“வாங்க புரொபசர், ஆபரேஷனை ஆரம்பிங்க,” என்றாள் அக்கா.

பேட்டரியைக் கழற்றினான். பதினொரு ஸ்க்ரூக்களையும் எண் போட்ட காகிதத்தில் வரிசையாக வைத்தான். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு முறை எண்ணினான். புது ரேமைச் சாய்த்துச் செருகி, எங்கே உடைந்துவிடுமோ என்று தூங்கும் குழந்தையைத் தொடுவதுபோல் அழுத்தினான். பேட்டரியை மாட்டி ஆன் செய்தான். திரை கறுப்பாகவே இருந்தது. பழையதைத் திரும்பப் போட்டான். அதே பயம், அதே கறுப்பு.

வாய் முந்திக்கொண்டது.

“மெத்தை மேல வச்சு வச்சு சூடாக்கிட்ட. போர்டே போயிடுச்சு.”

அக்காவின் முகம் சுண்டிப்போனது. “ஆமாடா, என் தப்புதான்,” என்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாய் வெகுநேரம் ஓடியது.

மதியம் இருவரும் புது ரேமையும் எடுத்துக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார்கள். கடைக்கார அம்மா அடிமூடியைத் திறந்தார். ரேம் ஒரு பக்கம் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே தள்ளிக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. ‘டிக்’கென்று கொக்கிகள் பிடித்துக்கொண்டன. திரையில் வெளிச்சம் வந்தது.

“யாரு போட்டது? நீங்களா தம்பி? இப்ப புதுசை நீங்களே போடுங்க. நல்லா அழுத்துங்க, அது ஒண்ணும் கடிக்காது.”

அக்கா பார்த்துக்கொண்டிருக்க, காது மடல் எரிய, அழுத்தினான். மறுபடி ‘டிக்’.

தெருவில் இறங்கியதும் சொன்னான்: “அக்கா, போர்டு நல்லாத்தான் இருந்திருக்கு. நான்தான் சரியா அழுத்தல.”

“அது அந்தம்மா கை வச்சப்பவே தெரிஞ்சுபோச்சு.” அவள் நிற்கவில்லை. “தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல? உள்ள உக்காந்து என்னையே எவ்வளவு திட்டிக்கிட்டேன் தெரியுமாடா?”

லேப்டாப் பையை வாங்கக் கை நீட்டினான். அவள் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் போக முகமில்லாமல், வீடுவரை நாலடி பின்னாலேயே நடந்தான்.