பன்னாடியின் ஊர்

ரொட்டித் தொழிற்சாலையில் அவளுக்குப் பல வருடமாக இரவு வேலை. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற அவள் கணவனுக்குப் பகல் வேலை. காலையில் அவள் மாவு வாசனையோடு வீட்டுக்குள் நுழையும்போது அவன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வெளியே கிளம்பிக்கொண்டிருப்பான். "பால் வாங்கி வச்சிருக்கேன்", "குழாய் ரிப்பேருக்கு ஆள் வருவாங்க" என்று வாசலில் நின்றபடி நாலு வார்த்தை. அவ்வளவுதான் குடித்தனம். கல்யாணமான புதிதில் இதை நினைத்து அவள் தலையணையில் முகம் புதைத்து அழுததுண்டு. பிறகு அழுகை நின்றுபோனது. நிறுத்தியது ஒரு வீடியோ கேம்.

வெட்டுக்குத்து இல்லாத விளையாட்டு அது. திரையில் ஒரு சின்ன ஊர். அதில் நமக்கென்று ஒரு வீடு, கொஞ்சம் நிலம், ஒரு மாடு. விதைக்கலாம், மீன் பிடிக்கலாம், ஊர்க்காரர்களிடம் போய்ப் பேச்சுக் கொடுக்கலாம். ஜெயிப்பதும் கிடையாது, தோற்பதும் கிடையாது. வாழ்ந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

இருவருக்கும் சேர்த்து ஒரே ஆள். ரொட்டிக்காரியான அவளை அவன் "பன்னு" என்று கூப்பிடுவான். அதில் பாதியும் கண்ணாடியில் பாதியும் சேர்த்து அந்த ஆளுக்குப் "பன்னாடி" என்று பேர் வைத்தார்கள். கேட்பதற்கு யாரையோ திட்டுவது போல இருந்தாலும் அவர்களுக்கு அது செல்லப்பேர்.

சாயங்காலம் அவள் வேலைக்குப் போன பிறகு அவன் பன்னாடியாக இருப்பான். காலையில் அவள். அவன் பறித்த பூவை வாசலில் வைத்துவிட்டுப் போவான். அவள் பிடித்த பெரிய மீனை விற்காமல் அவன் பார்ப்பதற்காகத் தொட்டியில் விட்டுவைப்பாள். ஒருமுறை அவன் தங்கை வீட்டு விசேஷத்துக்கு யார் போவது என்று போனில் காரசாரமாகச் சண்டை. மறுநாள் காலை அவள் விளையாட்டைத் திறந்தால், பன்னாடி வீட்டுக்குள் இல்லை. தேடினால், மாட்டுக் கொட்டகையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சண்டை அதோடு முடிந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், தொழிற்சாலை அவளை அடுப்புப் பிரிவுக்கு மேற்பார்வையாளராக்கிப் பகல் வேலைக்கு மாற்றியது. அவளுடைய அம்மா போனில், "இனிமேலாவது ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உக்காந்து சாப்பிடுங்க" என்றாள்.

முதல் சில நாள் தேன்நிலவு மாதிரித்தான் இருந்தது. சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் ஒட்டி உட்கார்ந்து விளையாட்டைத் திறந்தார்கள். அங்கேதான் தகராறு.

"அங்க விதைக்காத பன்னு, நிழல் விழும்."

"இத்தனை நாளா இங்கதான் விதைச்சேன். நல்லாத்தான் வந்துச்சு."

"மாட்டுக்கு முதல்ல தண்ணி வை."

"நீங்களே ஆடுங்க." அவள் கன்ட்ரோலரை அவன் மடியில் போட்டாள்.

"இல்ல, நீ ஆடு. நான் பாக்கறேன்."

யாரும் ஆடவில்லை. அடுத்தடுத்த நாட்களில் டிவியில் ஏதோ ஓடியது.

விடுமுறை நாளில் வீட்டில் தனியாக இருந்தபோது அவள் திறந்து பார்த்தாள். பன்னாடி வாசலில் நின்றான். வாசல் வெறுமையாக இருந்தது. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றலாம், ஊற்றாமலும் இருக்கலாம் என்று தோன்றியது. யாருக்காக ஊற்றுவது? அணைத்துவிட்டாள். வெகுநாள் கழித்து இன்னொரு தடவை திறந்தபோது அந்தத் திரை ஊரின் மளிகைக் கடைக்காரர் ஓடி வந்து, "என்னங்க, ஆளையே காணோம்?" என்றார். போன் பண்ணாமலே காலம் கடத்திவிட்ட சொந்தக்காரரைத் தெருவில் எதிர்கொண்ட மாதிரி அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

விளையாட்டுப் போனால் போகட்டும். ஆனால் சாயங்காலங்கள் நீண்டுகொண்டே போயின. அவன் போனைப் பார்ப்பான், அவளும் போனைப் பார்ப்பாள். நடுவில் ஃபிரிட்ஜ் மட்டும் உறுமும். ஒரே வீட்டில் இருக்கும் ஆளிடம் பேச எதுவும் கிடைக்கவில்லை என்பது அவளுக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருடம் தான் குடித்தனம் நடத்தியது இந்த மனிதனோடா, அந்தப் பன்னாடியோடா என்று ரொட்டி அடுப்பின் முன்னால் நின்றபடி யோசிப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் கடையில் விபத்து நடந்தது. லென்ஸ் கழுவும் மருந்து பாட்டில் அவன் கை தவறிக் கவிழ்ந்து, மருந்து இரண்டு கண்ணிலும் தெறித்துவிட்டது. அவள் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டரம்மா அவளை உட்காரச் சொல்லி, "பார்வை திரும்பிடும்மா. பயப்படாதீங்க. ஆனா கட்டுப் பிரிக்கிற வரைக்கும் ரெண்டு கண்ணுக்கும் ஓய்வு வேணும். அவசரப்பட்டா கெட்டுடும்" என்றார்.

கண்ணில் வெள்ளைக் கட்டோடு அவன் வீட்டுக்கு வந்தான். அவள் வேலைக்குப் போகிற நேரத்தில் மாடி வீட்டுத் தையல்காரம்மா வந்து எட்டிப் பார்த்துக்கொள்வார். அவன் பகல் முழுக்க ரேடியோ கேட்டான். சுவரைத் தடவி நடந்து நாற்காலியில் முட்டிக்கொண்டான். யாரிடமும் எரிந்து விழவில்லை. அதுதான் அவளுக்குக் கவலையாக இருந்தது. வழக்கமாக எதற்காவது எரிந்து விழுகிற ஆள் அவன்.

ஒரு சாயங்காலம், அவள் அவனுக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்ததும் கேட்டான்.

"பன்னு, ஊரு எப்படி இருக்கு?"

"எந்த ஊரு?"

"பன்னாடி ஊரு. கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

அவள் தயங்கியபடியே டிவியைப் போட்டாள். ஊர் வந்தது. வயல் முழுக்கக் களை. அவன் ஆசையாகப் போட்ட பூசணிக் கொடி காய்ந்து கருகிக் கிடந்தது. வேலி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மாடு அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"எல்லாம் வாடிப் போச்சா?" என்று அவன் கேட்டான். கட்டுக்குக் கீழே தெரிந்த உதடு சிரிக்கப் பார்த்தது.

கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதனிடம் எப்படிச் சொல்வது? "சே, சே. நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"பூசணி?"

"தளதளன்னு இருக்கு. ஒண்ணு காச்சிருக்கு பாருங்க, தூக்க ரெண்டு ஆள் வேணும்."

"நிஜமாவா?" அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஒரு பொய் சொன்னால் போதுமா? அதற்குத் துணைக்கு இன்னொன்று வேண்டியிருந்தது. மனைவியை இழந்த மளிகைக் கடைக்காரர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு திரிகிறார் என்றாள். யாருக்காக என்று அவன் கேட்டான். பள்ளிக்கூட டீச்சருக்காக என்றாள். விளையாட்டில் அந்த இரண்டு பேரும் வருடக்கணக்காகச் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள். அவள் வாயில் அவர்களுக்கு வெட்கம் வந்தது, கோபம் வந்தது. டீச்சர் பொறுக்க முடியாமல் கடையில் உப்பு வாங்குகிற சாக்கில் தினமும் வந்தாள். ஊரைப் பிரிக்கிற ஓடைக்குக் குறுக்கே ஒரு மரப்பாலமும் வந்துவிட்டது. டீச்சர் அக்கரையில் குடியிருக்க, கடைக்காரர் எத்தனை நாள்தான் சுற்றிக்கொண்டு போய்ப் பார்ப்பார்?

அவன் சிரித்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தான்.

மறுநாள் அடுப்பின் முன்னால் நிற்கும்போது அவளுக்குத் தன் கவலையெல்லாம் மறந்துபோய், மளிகைக் கடைக்காரருக்கு அடுத்து என்ன செய்யலாம் என்பதே யோசனையாக இருந்தது. ஒரு தட்டு ரொட்டி கொஞ்சம் கருகிக்கூடப் போனது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், "அப்புறம்?" என்று அவன் தயாராக உட்கார்ந்திருந்தான். வாய் கதை சொல்ல, கை கன்ட்ரோலரைப் பிடித்துக் களை பிடுங்கியது. சொன்ன பொய்யில் பாதியாவது உண்மையாகட்டும் என்று பூசணி விதைத்தாள், வேலியை நிமிர்த்தினாள், மாட்டைத் தடவிக் கொடுத்துச் சமாதானம் செய்தாள்.

கொஞ்ச நாள் இப்படியே போனது. அன்றைக்குக் கதை நடுவில் இருக்கும்போது அவன் குறுக்கிட்டான்.

"ஒண்ணு கேக்கவா? தோட்டம் செழிப்பா இருக்குங்கற. அப்புறம் எதுக்குத் தினமும் இவ்வளவு நேரம் களை பிடுங்கற?"

அவள் கை நின்றது. "எப்பலேருந்து தெரியும்?"

"ரெண்டாவது நாளே தெரியும். கட்டு கண்ணுலதான போட்டிருக்காங்க, காதுலயா போட்டிருக்காங்க? களை பிடுங்கினா சரக் சரக்னு சத்தம் வருது. பூசணி பறிச்சா ஒரு மணி அடிக்கும். ஒரு தடவைகூட அடிக்கலையே."

"தெரிஞ்சுக்கிட்டேவா கேட்டுட்டு இருந்தீங்க?"

"நீ சொல்ற ஊரு நல்லா இருந்துச்சு. இப்ப அந்த டீச்சர் என்ன பண்ணாங்க, அதைச் சொல்லு."

அவள் சொல்லவில்லை. அவனுக்குத் தன் முகம் தெரியாது என்பதாலோ என்னவோ, வேறொன்றைச் சொல்லத் தைரியம் வந்தது. "நான் பகல் வேலைக்கு வந்ததுக்கு அப்புறம் நமக்குப் பேச ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிடுச்சு. நமக்குள்ள இருந்தது அவ்வளவுதானோன்னு பயந்தேன்."

அவன் கையை நீட்டித் துழாவி அவள் முழங்கையைப் பிடித்தான்.

"காலையில நீ முன்னாடி கிளம்பிப் போனதும் பல தடவை நான் போய்த் திறந்து பாப்பேன். வாசல்ல ஏதாவது வச்சிருப்பியான்னு. ஒண்ணும் இருக்காது. பன்னுக்கு அலுத்துப்போச்சுன்னு மூடிடுவேன்."

"நானும் அதே வாசல்லதான் போய்ப் பாத்தேன்."

"அப்ப ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் எதிர்பாத்துக்கிட்டு வெறும் வாசலைப் பாத்திருக்கோம்."

"நீங்க ஏதாவது வச்சிருக்கலாமில்ல?"

"நீ வச்சிருக்கலாமில்ல?"

இருந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் சண்டை நடந்தது. நல்ல சண்டை. முடிவில் அவன் எரிந்து விழுந்தான், அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

அன்றிலிருந்து கதையை இரண்டு பேரும் சேர்ந்து கட்டினார்கள். டீச்சருக்கு ஒரு முறைமாமன் வந்து சேர்ந்தான். அது அவன் வேலை. மளிகைக் கடைக்காரர் மீன் பிடிக்கப் போய் ஓடையில் விழுந்தார். அது அவள் வேலை. சாப்பாடு கொண்டு வந்த தையல்காரம்மா ஒருநாள் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, "அந்த முறைமாமன் நல்லவன் மாதிரித் தெரியலையே" என்று கவலையோடு மாடியேறிப் போனார்.

கட்டுப் பிரித்த அன்று டாக்டரம்மா விளக்கைக் குறைத்துவிட்டு, மெதுவாகக் கண்ணைத் திறக்கச் சொன்னார். அவன் முதலில் பார்த்தது எதிர்ச்சுவரில் தொங்கிய நாள்காட்டியை. அதில் இருந்த படம் மங்கலாகத் தெரிகிறது என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பி நெடுநேரம் பார்த்தான். "இளைச்சுட்ட" என்றான். அவனுக்குக் கண்ணீர் வந்தால் கண்ணுக்குக் கெடுதலா என்று அவள் டாக்டரிடம் கேட்டாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே பஞ்சை எடுத்துக் கொடுத்தார்.

திரையைப் பார்க்க அனுமதி கிடைக்க இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று. கிடைத்ததும் முதல் காரியமாக ஊரைத் திறந்தான். உற்றுப் பார்த்தவனுக்கு ஏமாற்றம்.

"டீச்சர் இவ்வளவு குள்ளமா?"

"முதல்லேருந்தே குள்ளம்தான்."

"பாலம் எங்க?"

"ஓடைக்கு மேல பாலம் போட இந்த விளையாட்டுல வழியே இல்லை. நான் தலைகீழா நின்னு பாத்துட்டேன்."

அவன் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. மரக்கட்டையை வரிசையாக அடுக்கிப் பார்த்தான், வேலியைப் படுக்க வைக்கப் பார்த்தான். ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் அவள்தான் சொன்னாள். ஒரே ஆளை இரண்டு பேர் பிடித்து இழுப்பானேன்? அக்கரையில் இடம் காலியாகக் கிடக்கிறது, அங்கே எனக்கென்று ஒரு புது ஆளை வைத்து வீடு கட்டிக்கொள்கிறேன், பன்னாடியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். சுற்றிக்கொண்டு போனால் அக்கரைக்கு ஒரு நடைபாதை உண்டு.

"என்னை விட்டுட்டுத் தனிக்குடித்தனமா?"

"ஓடைதானே நடுவுல. வேணும்னா சுத்தி வாங்க."

அவன் வேலைக்குத் திரும்பிய வாரத்தில் அவளுக்கு ஒரு விடுமுறை நாள் வந்தது. வீட்டு வேலை முடித்துக் கொஞ்ச நேரம் மட்டும் என்று உட்கார்ந்தாள். அக்கரையில் பாறையும் முள்ளுமாகக் கிடந்த சரிவில் பழமரம் வைத்தால் என்ன என்று தோன்றியது. யாரும் கேட்கவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டும் என்றும் நினைக்கவில்லை. பாறையை ஒவ்வொன்றாக உடைத்தாள். எந்த மரத்துக்கு எவ்வளவு இடைவெளி என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள், போட்டதைக் கலைத்து மாற்றிப் போட்டாள். அடுப்பில் வைத்த தேநீர் சுண்டிப்போன வாசனை வந்த பிறகுதான் எழுந்தாள். வேறு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துவிட்டு, அது கொதிக்கும் வரை நிற்கப் பொறுமையில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

சாயங்காலம் அவன் செருப்பைக் கழற்றும்போதும் அவள் அங்கேயே இருந்தாள்.

"பன்னு, சாப்பாடு?"

"நீங்களே சூடு பண்ணுங்க. நாலு குழிதான் பாக்கி. இருட்டறதுக்குள்ள நடணும்."

அவன் ஜன்னலைப் பார்த்தான். வெளியே ஏற்கெனவே விளக்குப் போட்டிருந்தார்கள். அவள் சொன்னது இந்த ஊர் இருட்டை இல்லை என்று புரிந்ததும் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தான்.