சத்தார் பாயின் பழுப்பு

1

இந்தக் கதையை எழுத மாட்டேன் என்று என் தங்கை கணவன் ஜெயசீலனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் அவன். நடந்ததைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். வீட்டுக்கு வந்ததும் நான் நோட்டைத் திறந்துவிட்டேன். எழுதுகிறவர்களுக்கு வெட்கம் கொஞ்சம் கம்மி.

முதலில் எழுதிய வரி: 'மெய்நிகர் கணினி அன்று எழுந்திருக்க மறுத்தது.' அடித்துவிட்டேன். பழியை இயந்திரத்தின் மேல் போடுகிற வரி அது. இந்தக் கதையில் ஏற்கெனவே ஒருவர் மேல் பழி விழுந்திருக்கிறது.

2

தோலுக்குச் சாயக் கலவை கணக்கிடும் மென்பொருள் அரதப் பழசு. புதுக் கம்ப்யூட்டரில் ஓடாது. அதனால் புதிதுக்குள்ளேயே பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மென்பொருளாக அமைத்து (மெய்நிகர் கணினி என்பார்கள்), அதில் ஓடவிட்டிருந்தான் ஜெயசீலன். அதில் வேலை பார்ப்பவர் சத்தார் பாய். முப்பது வருஷமாக நிறம் பார்த்துத் தப்பாதவர்.

"சேவ் கீவ்னு பேஜாரே வேணாம் பாய். மூலையில இருக்கிற இன்ட்டு மார்க்க அமுக்கிட்டுப் போங்க. உள்ள இருக்கிறது அப்படியே தூங்கும். வந்து எழுப்பினா வுட்ட எடத்துலயே இருக்கும்."

சொல்லிக்கொடுத்தவன் ஜெயசீலனேதான். (இந்த இடத்தை இரண்டு முறை நீக்கிப் பார்த்தேன். நீக்கினால் அவன் நல்லவனாகத் தெரிகிறான்.)

3

ஒரு வெள்ளிக்கிழமை. வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய துண்டுத் தோலின் பழுப்பை, மூன்று நாளாக ஏழு முறை சாயம் போட்டுப் பார்த்துப் பிடித்துவிட்டார் பாய். ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது. கலவை அளவுகள் திரையில் இருந்தபடியே இன்ட்டுவை அமுக்கிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

அறை காலியாக இருக்கிறதே என்று ஜெயசீலன் அந்த மெய்நிகர் மென்பொருளுக்குப் புதிய பதிப்பை ஏற்றினான். உள்ளே ஒன்று தூங்குகிறதா என்று பார்க்கவில்லை.

பாய் திரும்பி வந்து எழுப்பினார். எழவில்லை. சேமித்த நிலையை மீட்க முடியவில்லை என்றது திரை.

பழைய பதிப்பைத் திரும்ப ஏற்றினால் எழுந்துவிடும். அரை மணி நேரம் ஆகும். அது ஜெயசீலனுக்குத் தெரியும். (ஒரு வரைவில் 'தெரியாது' என்று எழுதினேன். பொய்.) முதுகுக்குப் பின்னால் மேனேஜர் நவீன்குமார் நின்றார்.

"இன்னாப்பா, இன்னுமா ஆகல?"

சேமித்த நிலையைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்கும் பொத்தானை அமுக்கினான் ஜெயசீலன். இரண்டே நிமிஷத்தில் எழுந்தது. பழுப்பைக் காணோம்.

"பாய் சேவ் பண்ணாம போய்ட்டாரு சார்."

"வயசாய்டுச்சி பாய் உங்களுக்கு" என்றார் மேனேஜர், எல்லோர் முன்னிலும்.

ஜெயசீலன் எதிர்பார்த்தது ஒரு சண்டை. சத்தார் பாய் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "நான்தான் எதையோ மாத்தி அமுக்கிட்டேன் போல சார்."

4

சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஞாயிறு ஆராதனையில் ஜெயசீலன் மனம் உடைந்து அழுகிறான். (அழவில்லை. அன்று எங்கள் வீட்டில் கறி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.)

மேனேஜர் அறைக் கதவைத் தட்டுகிறான். உள்ளே போய், "சார், அன்னிக்கு நான்தான்" என்று

[இதற்கு மேல் போகவில்லை. அவனும் போகவில்லை.]

நடந்தது இதுதான். பாய் மறுபடி மூன்று நாள் நின்று அந்தப் பழுப்பைப் பிடித்தார். அதற்குப் பின் ஒவ்வொரு வெள்ளியும் பள்ளிவாசலுக்குக் கிளம்பும் முன் ஜெயசீலனின் மேசைக்கு வருகிறார்.

"சேவ் பண்ட்டேன்னுதான் நெனைக்கிறேன் தம்பி. எம்மேலயே எனக்கு நம்பிக்க இல்ல. ஒரு தபா வந்து பாத்துடுங்களேன்."

முன்பெல்லாம் அவனை 'வா, போ' என்பவர்.

அவன் போய்ப் பார்க்கிறான். சரியாக இருக்கிறது பாய் என்கிறான். ஒன்பது வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன.

5

கடைசி வரியை நான் எழுதினால் அவனைத் தப்பிக்க விட்டுவிடுவேன். தங்கை கணவன் அல்லவா. அதனால் உங்களிடம் விடுகிறேன்.

பத்தாவது வெள்ளி. பாய் தொப்பியைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நிற்கிறார். ஜெயசீலன் திரையைப் பார்க்கிறான். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஜும்மாவுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது.

"பாய்," என்கிறான், "