எல்லாரும் தேச்சாச்சு, கொல்லாம்!

நாகர்கோவிலிலிருந்து வந்த பஸ் தக்கலைச் சந்தியில் நின்று புகை விட்டது. அதன் முதுகில் அறைந்திருந்த தகரப் பலகையைப் பார்த்த பூங்கனிக்குக் கை கால் ஓடவில்லை. பலகையில் இருந்தது அவள் எழுதிய எழுத்து. நேற்று சாயங்காலம் எழுதி முடித்து, தள்ளி நின்று பார்த்து, தானே மெச்சிக்கொண்ட எழுத்து.

‘மெடல் மார்க் பல்லுப்பொடி. எல்லாரும் தேச்சாச்சு. கொல்லாம்!’

டிரைவர் ஜான்ரோஸ் தலையை வெளியே நீட்டினான்.

“ஏ பிள்ளே! உங்க பல்லுப்பொடி சுபேதாரு சண்டையில மிச்சம் வெச்ச ஆளுவள இஞ்ச வந்து தீக்கப் போறாரா? தோவாளையில ஒரு பூக்காரி இந்த வண்டியில ஏறவே மாட்டேன்னுட்டா கேட்டியா!”

பஸ்ஸுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். இதே போல இன்னும் மூன்று பலகைகள் மூன்று பஸ்களின் முதுகில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தன.

நன்றாக இருக்கிறது என்பதற்கு அந்தப் பக்கத்தில் ‘கொள்ளாம்’ என்பார்கள். மீன் கொள்ளாம், மாப்பிள்ளை கொள்ளாம், பிரசங்கம் கொள்ளாம். ஆனால் அது வாயிலிருந்து காதுக்குப் போகிற சொல். எந்தப் பாடப்புத்தகத்திலும் பூங்கனி அதைப் பார்த்ததில்லை. ‘எல்லாரும்’ என்று எழுதி முடித்த கை, அதே சூட்டில் அடுத்த சொல்லுக்கும் ‘ல்லா’வைப் போட்டுவிட்டது.

வேறு யார் பெண்ணாக இருந்தாலும் ஒரு நாள் சிரிப்போடு போயிருக்கும். பூங்கனியின் அப்பா ஜெபசீலன் மிஷன் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார். ‘ல’வையும் ‘ள’வையும் மாற்றி எழுதிய பிள்ளைகளின் காதுகளைத் திருகித் திருகியே அவர் பெருவிரல் தடித்திருந்தது. பதினாறு வயதுப் பெண் மிஷன் தையல்கூடத்து லேஸ் வேலையை விட்டுவிட்டுப் பலகை எழுதப் போகிறேன் என்றபோது, ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். “ஒரு எழுத்துத் தப்பினாலும் மறுநாள் நீ தையல்கூடத்துல இருக்கணும்.”

நூலை உற்றுப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் நீர் வடிய, குனிந்தே கிடந்த அந்த இரண்டு வருஷங்கள். நினைத்ததுமே அவளுக்கு முதுகு வலித்தது.

ஓடினாள்.

சுபேதார் முத்துநாயகத்தின் வீட்டு முற்றத்தில் அவர் மனைவி தேவகனி உரலில் கிராம்பு இடித்துக்கொண்டிருந்தாள். பூங்கனி மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். தேவகனி உலக்கையை நிறுத்தினாள்.

“நான் எழுத்துப் படிச்சவளா மக்கா? எனக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். இதுக்கா இந்த அழுவ?”

“அப்பா என்னய தையலுக்கு விட்டுருவாவ மாமி. இனிமே பிரஷ்ஷையே தொட விடமாட்டாவ.”

“யாரு விடமாட்டா?” என்று கேட்டபடி சுபேதார் கொல்லைப் பக்கமிருந்து வந்தார்.

பயனியர் பட்டாளத்தில் ரோடும் பாலமும் போட்டு, பஸ்ரா வரை போய், நெஞ்சில் மெடலோடு திரும்பியவர். பென்ஷனில் வயல் வாங்கி உட்காருவார் என்று ஊர் எதிர்பார்த்தது. அவரோ குடை விற்கப் போனார். கொட்டுகிற மழையில் கருங்கல் சந்தை நடுவே, பட்டாள உடுப்போடு குடை பிடித்து ஒரு மணி நேரம் ஆடாமல் அசையாமல் நின்றார். மழை விட்டதும் உடுப்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அன்றைக்கு ஒரு குடைகூட மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகுதான் பல்லுப்பொடி. பல் தேய்க்கிற உமிக்கரி எல்லார் அடுக்களையிலும் சும்மா கிடக்கும். சும்மா கிடைக்கிற ஒன்றோடு மோதி ஜெயிக்க வேண்டும். அந்தச் சண்டை அவருக்குப் பிடித்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, லெஃப்ட் ரைட் சொல்லிப் பல் தேய்க்க வைத்தார். பஸ்ஸின் முதுகு சும்மாதானே போகிறது என்று அதில் பலகை அறைய வேண்டுமென்று தோன்றியதும் அவருக்குத்தான். “பெரிய வார்த்தை ஒண்ணும் வேண்டாம். சனங்க பேசுத வார்த்தையப் போடு,” என்று ‘கொள்ளாம்’ போடச் சொன்னதும் அவரே.

பூங்கனி மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மீசையைத் தடவினார்.

“பஸ்ஸுல எத்தன பேரு படிச்சாவ?”

“எல்லாரும்தான்.”

“எல்லாருமா? போன மாசம் நல்லா எழுதி வெச்சோமே, அத எத்தன பேரு படிச்சான்?”

பூங்கனி எண்ணப் பார்த்தாள்; ஒரு விரல்கூட மடங்கவில்லை.

“பஸ்ராவுல ஒரு சாயாக்கடைக்காரன் இங்கிலீஷ் போர்டத் தப்பா எழுதி வெச்சிருந்தான். அதப் பாத்துச் சிரிக்கதுக்குன்னே பட்டாளம் போவும். சிரிக்கப் போனவன் சாயா குடிக்காம வருவானா? அடுத்தாப்புல ஒழுங்கா எழுதின கடை மூணு இருந்து. ஒண்ணு பேருகூட எனக்கு ஓர்மையில்ல.”

அப்போது வாசலில் குடையை மடக்கும் சத்தம் கேட்டது. ஜெபசீலன் வாத்தியார். முகம் சிவந்திருந்தது.

“சுபேதாரே, தக்கலைச் சந்தியில என் மானம் போவுது. யாரு எழுதினது அது?”

“நான் எழுதச் சொன்னது,” என்றார் சுபேதார்.

பூங்கனிக்கு அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் வாய் கேட்கவில்லை. “நான்தான்பா. கை தப்பிப் போச்சு.”

வாத்தியார் மகளைப் பார்க்கவில்லை. “நாளைக்குத் தையல்கூடம்.”

“நாளைக்குக் கருங்கல் சந்தை,” என்றார் சுபேதார். “ஒரே ஒரு சந்தை எனக்குத் தாரும் வாத்தியாரே. நீரும் வந்து நில்லும். அதுக்கப்புறம் உம்ம இஷ்டம்.”

மறுநாள் கருங்கல் சந்தையில் பஸ்ஸிலிருந்து கழற்றிய பலகையை நட்டு, சுபேதார் தகர டின்னைத் தட்டினார். “ஒரு எழுத்து தப்பு! எது தப்பு, ஏன் தப்புன்னு உரக்கச் சொல்லுதவங்களுக்கு ஒரு பொட்டலம் சும்மா!”

வாத்தியார் தள்ளி, மரச்சீனிக் கிழங்குக் குவியலுக்குப் பின்னால், ஊருக்கு முகம் காட்டாமல் நின்றார். பூங்கனி அவர் பக்கத்தில் நின்றாள்.

முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடினார்கள். பிறகு வெற்றிலை வியாபாரி. பிறகு மீன்காரிகள்.

“எழுத்து தெரியாட்டி என்ன, நாக்கு இருக்குல்லா? கொள்ளாம்னு சொல்லணும்னா நாக்க மடக்கணும்,” என்றாள் ஒரு மீன்காரி.

“மடக்காமச் சொன்னா?”

“கொன்னுருவ! அதத்தான எழுதி வெச்சிருக்கு!”

“ஏலே, நீ சொல்லு பாப்போம்!”

“கொ...ல்லாம்.”

“செத்தான்!”

சந்தை முழுக்க நாக்கை மடக்கியும் நீட்டியும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் பல்லில்லாத வாயால் ‘ள’ வராமல் தவித்தார். “இவருக்குப் பொடி எதுக்கு?” என்று யாரோ கேட்க, “பேரனுக்குவே!” என்று கேட்டு வாங்கிக்கொண்டார் அவர். மத்தியானத்துக்குள் சும்மா கொடுக்க வைத்திருந்த பொட்டலங்கள் தீர்ந்தன. வாசனை பிடித்தவர்கள் விலைக்குக் கேட்கத் தொடங்கினார்கள்.

பூங்கனி பயந்து பயந்து அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் குவியலுக்குப் பின்னால் இல்லை. கூட்டத்தின் நடுவே வெற்றிலை வியாபாரியின் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அப்பிடி இல்ல ஓய். நுனி நாக்கு மடங்கி அண்ணத்தத் தொடணும். சொல்லும், ள!”

“ள!”

“ஆ! கொள்ளாம்!”

சாயங்காலம் வீடு திரும்பும் வழியெல்லாம் வாத்தியார் ‘ல, ள’ என்று நாக்கை மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். பூங்கனி தையல்கூடம் பற்றிக் கேட்காமல் பின்னால் நடந்தாள். வீட்டுப் படியில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னார்.

“முப்பது வருஷம் காதத் திருவியிருக்கேன் பிள்ளே. ஒருத்தனாவது இப்பிடி ஆசையாச் சொன்னானா?” கொஞ்சம் நிறுத்தி, “அடுத்த பலகையில சின்ன ‘ர’, பெரிய ‘ற’ வெச்சுப் பாப்போம். எந்த வார்த்தைன்னு நான் யோசிச்சுச் சொல்லுதேன்,” என்றார்.

அடுத்த வாரம் சுபேதாரின் முற்றத்தில் புதுத் தகரத்தின் முன் பூங்கனி உட்கார்ந்தாள். ‘கறை போவும்’ என்பதை ‘கரை போவும்’ என்று எழுத வேண்டும். சுபேதார் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். பிரஷ்ஷை மையில் தோய்த்தாள். கை போய், தானாக, அழகான ஒரு ‘ற’வைப் போட்டது.

“தப்பு!” என்றார்கள் இரண்டு பேரும்.

பூங்கனி துணியை எடுத்துச் சிரித்துக்கொண்டே துடைத்தாள்.