பெமிலாவின் தலைவலி

பெமிலாவுக்குத் தலைவலி வரப்போகிறது என்பது அடுத்த வீட்டுச் செல்லபாய்க்கு முந்தின நாளே தெரிந்துவிடும். கட்டிய கணவன் சகாயத்துக்கு அவள் வாந்தி எடுத்த பிறகுதான் தெரியும். குளச்சலுக்குத் திரும்பி வந்த நாள்முதல் சகாயத்தை அரித்துக்கொண்டிருந்தது இதுதான்.

பஹ்ரைனில் அரபிகளின் படகில் மீன்பிடித்தே அவனுடைய பாதி வயது போயிருந்தது. லீவுக்கு வரும் நாட்களில் பெமிலா தலைவலியை எப்படியோ மறைத்துவிடுவாள். போனில் சொல்லும்போது, "ஒரு மாத்திரை போட்டுட்டுப் படு" என்பான். ஒரேயடியாக ஊருக்கு வந்த பிறகுதான் அந்தத் தலைவலியை நேரில் பார்த்தான்.

முதலில் கண்ணுக்குள் வெளிச்சம் தெரியும். கதிர் அரிவாளின் பல்லைப்போல வளைந்து வளைந்து மின்னிக்கொண்டு அது ஓரத்துக்கு நகரும். அது மறைந்த பிறகு ஒருபக்கத் தலையில் இடி இறங்கும். ஊரில் அதற்குச் சென்னிக்குத்து என்று பெயர்.

முதல் தடவை பார்த்தபோது சகாயம் பதறிப்போய்ப் பெட்டியைத் திறந்து, கொண்டுவந்திருந்த கோடாலித் தைலத்தில் அரைக்குப்பியை அவள் நெற்றியில் தேய்த்துவிட்டான். வாசனை மூக்கில் ஏறியதும் பெமிலா கட்டிலிலேயே வாந்தி எடுத்தாள். சத்தம் கேட்டுச் செல்லபாய் ஓடிவந்தாள். தையல் மெஷினிலிருந்து எழுந்த வேகத்தில் கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது.

"அய்யோ, என்ன வேல செய்திய தம்பி! அவளுக்கு மணம் ஆகாதுண்ணு தெரியாதா? மீனுக்கு மசாலா தடவுத மாதிரி தடவி வச்சிருக்கிய!"

ஈரத்துணியால் அவளே துடைத்துவிட்டாள். ஜன்னலை அடைத்து, மின்விசிறியைக் குறைத்து, சுவரில் ஓடிய கடிகாரத்தைக்கூடக் கழற்றி வெளியே கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். சொந்த வீட்டின் நடையில், டிக் டிக் என்று ஓடும் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு சகாயம் நின்றான். உள்ளே பெமிலா "அக்கா, போயிராத" என்று முனகுவது கேட்டது.

வேறொரு ஆண்பிள்ளை என்றால் சண்டை போடலாம். ஐம்பதை நெருங்கிய விதவையிடம், 'என் பெண்டாட்டியின் தலைவலியை என்னிடம் கொடு' என்று எப்படிக் கேட்பது?

அவன் கவனிக்க ஆரம்பித்தான். தலைவலிக்கு முன்பு பெமிலா விடாமல் கொட்டாவி விடுவாள். இனிப்பு கேட்பாள். உப்பை எடுக்கச் சொல்ல நினைத்து, "அந்த... அது..." என்று வார்த்தைக்குத் தடுமாறுவாள். ஒரு வெள்ளிக்கிழமை இதையெல்லாம் அவனே கண்டுபிடித்து, வெளிச்சம் வருவதற்குள் படுக்கவைத்துவிட்டான். பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதிலுக்குப் போய் அடங்கிய குரலில் கூப்பிட்டான்.

"செல்லபாய் அக்கா, சத்தம் போடாண்டாம். பெமிலாவுக்கு இன்னைக்கு வருகு. நான் எல்லாம் பாத்துட்டேன்."

"சத்தம் போடுதது நீங்களாக்கும்" என்றாள் செல்லபாய். ஆனால் அவள் முகம் சுண்டியதை அவன் பார்த்தான். அன்று இரண்டு தட்டுச் சோறு கூடுதலாகச் சாப்பிட்டான்.

அடுத்த வாரமே சொல்லிவிட்டான். "அக்கா, இனி நீங்க அலையாண்டாம். எனக்க வீட்டுக்காரிய நான் பாத்துக்கிடுவேன்."

செல்லபாய் வருவதை நிறுத்திக்கொண்டாள். மதில் பக்கம் துணி காயப்போடப் பெமிலா போகும் நேரம் மட்டும் கூடிப்போனது. சகாயம் அதையும் கவனித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, பெமிலா சோற்றுத் தட்டை எடுத்தாள். தட்டு கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்தவள் ஏதோ சொல்ல வந்தாள். வார்த்தை குழறியது.

சகாயத்துக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். கண்டுபிடித்துவிட்டான். "பேசாத மக்கா, எனக்குத் தெரியும்" என்று அவளைத் தாங்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தான். ஜன்னலை அடைத்தான். ஈரத்துணி போட்டான். கடிகாரத்தைக் கழற்றினான். கதவைச் சாத்திவிட்டு வெளியே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தான்.

தட்டு விழுந்த சத்தம் செல்லபாய்க்கும் கேட்டிருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"என்ன செய்யுது அவளுக்கு?"

"வழக்கமா உள்ளதுதான். ஒறங்குகா."

"வெளிச்சம் தெரிஞ்சுதுண்ணு சொன்னாளா?"

அவன் அதைக் கேட்டிருக்கவில்லை. "அதெல்லாம் நான் பாத்தாச்சு. நீங்க போங்க."

"தட்டு விழுந்துச்சே, கை மரத்துச்சா? எந்தக் கை? தம்பி, வெளிச்சம் வராம அவளுக்குக் கை தளராது. ஒருதடவ நான் பாக்கட்டும்."

"ஒறங்குதவள எழுப்பாண்டாம்ணு சொன்னது நீங்கதானே?"

கதவை மறித்து நின்றான். ஒரு சாயா குடிக்கும் நேரம் இருவரும் அடங்கிய குரலில் சண்டை போட்டார்கள். கடைசியில் அவனைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு செல்லபாய் உள்ளே போய் விளக்கைப் போட்டாள். பெமிலா உறங்கவில்லை. கண் திறந்திருந்தது. வாய் ஒருபக்கமாகக் கோணியிருந்தது.

நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரி. ஸ்கேனில், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருந்தது தெரிந்தது. டாக்டரம்மா கேட்டாள்: "தலைவலி உண்டா? வெளிச்சம் தெரியுமா? வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா?"

தலைவலிக்கும் வெளிச்சத்துக்கும் சகாயம் விவரமாகப் பதில் சொன்னான். மாத்திரைக்கு, "ஒண்ணும் கிடையாது டாக்டர். எனக்குத் தெரியாம அவ ஒண்ணும் சாப்பிடமாட்டா" என்றான்.

"உண்டு" என்றாள் பின்னாலிருந்து செல்லபாய். "பிள்ள உண்டாகாம இருக்க உள்ள மாத்திர. இவரு ஊருக்கு வந்த மாசத்துல இருந்து."

சகாயம் திரும்பிப் பார்க்கவில்லை. வந்த முதல் வாரத்தில், ஹாஸ்டலில் படிக்கும் மகளைச் சொல்லி, "ஜிஷாவுக்கு ஒரு தம்பி வேணும்" என்று அவன் சொன்னபோது பெமிலா சிரித்தாள். சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினாள். வெளிச்சம் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி தலையோடு மட்டும் நிற்பதில்லை. சிலருக்கு ரத்தக்குழாயின் உள்பக்கமே கொஞ்சம் பழுதுபட்டிருக்கும். சுருங்க வேண்டாத நேரத்தில் சுருங்கும், ரத்தம் கட்ட இடம் கொடுக்கும். முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அந்த வகை மாத்திரை ரத்தத்தை இன்னும் உறையவைக்கும். இந்தத் தலைவலிக்காரர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. "கேட்டிருந்தா எந்த டாக்டரும் சொல்லியிருப்பாங்க. கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தாலும்..." என்று நிறுத்திக்கொண்டாள்.

பெமிலா பேசாமலே நான்காம் நாள் போனாள்.

அடக்கத்துக்கு வந்த பெண்கள் சகாயத்தின் கையைப் பிடித்துவிட்டு, நேராக மதிலைச் சுற்றிப்போய்ச் செல்லபாயைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த அழுகை இங்கே அழுததைவிடப் பெரிதாக இருந்தது. ஏழாம் நாள் பூசை முடிந்ததும் அவன் எழுந்து அங்கே போனான். சொல்லவேண்டியதை வழியிலேயே தயார் செய்திருந்தான். நீதான் கொன்றாய்.

செல்லபாய் மெஷின் அருகே சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"மாத்திர வாங்கிக் குடுத்தது நீங்கதானா?"

"நான்தான். மருந்துக்கடையில போயி கேக்க அவளுக்கு வெக்கம். நான் எந்த டாக்டர்கிட்டயும் கேக்கல."

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"எதுக்குச் சொல்லணும்?" என்று நிமிர்ந்தாள். "இத்தன வருசமா அவ எனக்க கூடத்தான் இருந்தா. நீங்க வந்த அன்னைக்கு உங்க வீட்டுச் சிரிப்பு இங்க கேட்டுச்சு. எனக்குச் சோறு இறங்கல தம்பி. ரெண்டாம் நாள் அவ வந்து, 'அக்கா, அவருக்குத் தெரியாம வாங்கித் தருவியா'ண்ணு கேட்டா. அப்பதான் எனக்கு உயிரு வந்துச்சு. உங்களுக்குத் தெரியாத ஒண்ணு எனக்க கையில இருக்கேண்ணு. அந்தச் சந்தோசத்துல ஓடிப்போயி வாங்கினேன்."

தயார் செய்த சொல் அவனுக்கு வரவில்லை. அந்தச் சந்தோஷம் என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஜன்னலை அடைத்தபோது அதுதான் அவனுக்குள் துள்ளியது.

செல்லபாய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சகாயம் தரையிலேயே உட்கார்ந்தான். அவனுக்கும் அழுகை வந்தது. வெகுநேரத்துக்குப் பிறகு, அவள் நிறுத்திவிட்டாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தான். நிறுத்தவில்லை. தான் முதலில் நிறுத்தக்கூடாது என்று அவனுக்குத் தோன்றியது.